கூடு கட்டும் நாளைக் குறிப்பது யார்?

ஓசூர் என்றதும் தொழிற்பேட்டையும் ஷிப்ட் பேருந்துகளும்தான் வெளியூர்க்காரர்களின் நினைவுக்கு வரும். அங்கிருந்து தெற்கே கெலமங்கலம் பக்கம் இறங்கினால் காட்சி மாறிவிடும். கேழ்வரகு, தக்காளி, முட்டைக்கோஸ், பசுமைக்குடிலில் ரோஜா, இவற்றுக்கு இடையிடையே மல்பெரித் தோட்டங்கள். தோட்டத்தை ஒட்டிப் புழு வளர்ப்பு மனை.

வெண்பட்டுப் புழுவின் வளர்ப்புக் காலம் ஏறக்குறைய இருபத்தைந்து நாள். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்ததும் அதன் பசி அடங்காது. வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்கை அந்தக் கடைசி ஏழெட்டு நாளிலேயே தின்று தீர்க்கும். பிறகு ஒரு வேளையில் இலையைத் தொடாமல் தலையைத் தூக்கும். உடம்பின் நிறம் மாறும். உடனே பொறுக்கிச் சந்திரிகை, நெட்ரிகா போன்ற கூடு கட்டும் தட்டுகளில் விட்டாக வேண்டும். பிந்தினால் நூல் வீணாகும். முந்தினால் கூடு மெலியும்.

தின்றது போதும் என்று புழுவுக்குச் சொல்வது எது? பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் நூறாண்டாகத் துருவிய கேள்வி இது. கிடைத்த பதிலில் பட்டு விவசாயிக்கு ஆதாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

நூல் கட்டிப் பார்த்தவர்கள்

போலந்து விஞ்ஞானி ஸ்டெஃபான் கோபெச் 1917இல் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. முதிர்ந்த கம்பளிப்புழுவின் உடலை நடுவில் நூலால் இறுகக் கட்டினார். கட்டுக்கு முன்னால் இருந்த பகுதி கூட்டுப்புழுவாக மாறியது. பின்பகுதி புழுவாகவே நின்றுவிட்டது. உருமாற்றத்துக்கான ஆணை தலைப்பக்கத்திலிருந்து இரத்தத்தில் கலந்து வருகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

1938இல் பிரான்சின் பூனியோல் பட்டுப்புழுவையே எடுத்துக்கொண்டார். மூளைக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பியை அகற்றியதும், இன்னும் வளர வேண்டிய இளம்புழுக்கள் அவசரமாகக் குட்டிக் கூட்டுப்புழுக்களாக மாறின. இரண்டு ஆண்டு கழித்து ஜப்பானின் ஃபுகுடா, தோலுரிப்பைத் தூண்டும் சுரப்பி மார்புப் பகுதியில் இருப்பதைக் காட்டினார். அந்தச் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனின் பெயர் எக்டைசோன். 1954இல் ஜெர்மனியின் பூட்டனான்ட்டும் கார்ல்சனும் அதைப் பிரித்தெடுத்தபோது, 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்.

ஆக, ஆணையிடுவோர் இருவர். எக்டைசோன் ‘தோலை உரி’ என்கிறது. பூனியோல் அகற்றிய தலைச் சுரப்பியில் ஊறும் இளமை ஹார்மோன் ‘புழுவாகவே இரு’ என்கிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் தோலுரித்துப் பெரிய புழுவாகும். ஐந்தாம் பருவத்தில் இளமை ஹார்மோன் வற்றியபின் எக்டைசோன் எழுந்தால் தீனியை விட்டுக் கூடு கட்டத் தொடங்கும்.

செய்தித்தாள் சொன்ன செய்தி

பூச்சி உடலியங்கியலில் மறக்க முடியாத பெயர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கரோல் வில்லியம்ஸ். அவருடைய ஆய்வகத்துக்கு 1960களின் நடுவில் பிராக் நகரிலிருந்து கரேல் ஸ்லாமா வந்தார். கூடவே தான் வளர்த்துவந்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகளையும் கொண்டுவந்தார். பிராக்கில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அமெரிக்காவில் முதிர்ச்சியடையவே இல்லை. இளம் உருவத்திலேயே மீண்டும் தோலுரித்துச் செத்துப்போயின.

தீனி, தண்ணீர், விளக்கு என்று எல்லாவற்றையும் சோதித்துக் கடைசியில் கண்டுபிடித்த குற்றவாளி, வளர்ப்புப் பாத்திரத்தில் விரித்திருந்த காகிதம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழை விரித்தாலும் பூச்சி முதிரவில்லை; லண்டன் டைம்ஸை விரித்தால் முதிர்ந்தது. அமெரிக்கக் காகிதம் பால்சம் ஃபிர் மரக்கூழில் செய்தது. அந்த மரத்தில் இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு பொருள் இருந்தது. 1966இல் ஜப்பானின் நகனிஷி குழு, எக்டைசோன் வகைப் பொருளும் ஒரு மரத்தில் இருப்பதைக் கண்டது. தம்மைத் தின்னும் பூச்சியின் வளர்ச்சியைக் குலைக்க வல்ல பொருள்கள் தாவரங்களிலேயே இருக்கின்றன.

1967இல் வில்லியம்ஸ் இதிலிருந்து ஒரு திட்டத்தை முன்வைத்தார். நரம்பைத் தாக்கும் நஞ்சுக்குப் பதில், பூச்சியின் சொந்த ஹார்மோனையே அதற்கு எதிராகத் திருப்பினால் என்ன? அவர் அதற்கு வைத்த பெயர் மூன்றாம் தலைமுறைப் பூச்சிக்கொல்லி. மெத்தோபிரீன், ஃபெனாக்ஸிகார்ப், பைரிப்ராக்சிஃபென் போன்றவை அந்த வழியில் வந்தவை.

மூலக்கூறு உயிரியல் பிறகு உள்ளே புகுந்து பார்த்தது. இளமை ஹார்மோன் போய் ஒட்டும் ஏற்பி ‘மெட்’ என்ற புரதம்தான் என்பது 2011இல் உறுதியானது. அடுத்த ஆண்டு ஜப்பானின் டைமோன் குழு, மூன்றாம் நான்காம் பருவத்திலேயே கூடு கட்டிவிடும் ஒரு பட்டுப்புழு வகையை ஆராய்ந்தது. இளமை ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு அதில் பழுதுபட்டிருந்தது. பூனியோல் கத்தியால் செய்ததை, இங்கே ஒரு மரபணுவின் பழுதே செய்துவிட்டது.

ஆதாயமும் ஆபத்தும்

முதலில் ஆதாயம். தாவரத்திலிருந்து எடுத்த எக்டைசோன் வகைப் பொருளை ‘சம்பூர்ணா’ என்ற பெயரில் மைசூரு மத்தியப் பட்டு ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் உருவாக்கியது. சில புழுக்கள் முதிரத் தொடங்கியதும் அதைத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளித்துக் கொடுத்தால் மற்றவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முதிர்ந்துவிடும். இரவெல்லாம் விழித்துப் பொறுக்கும் வேலையும் கூலியும் குறையும். ஐந்தாம் பருவத்தில் மிகச் சிறிய அளவு இளமை ஹார்மோன் போலியைத் தந்தால் புழு சற்றுக் கூடுதலாகத் தின்று கனமான கூடு கட்டும்.

ஆபத்தும் அதே கதவு வழியாகத்தான் வருகிறது. காய்ப்புழுவும் பட்டுப்புழுவும் ஒரே குலம். இரண்டுக்கும் ஹார்மோன் ஒன்றே, ஏற்பியும் ஒன்றே. மனிதருக்குத் தீங்கு குறைவு என்று விற்கப்படும் மருந்து பட்டுப்புழுவுக்கும் தீங்கற்றது என்று பொருளில்லை. 1980களின் இறுதியில் இத்தாலியில் இது நடந்தது. பழத்தோட்டங்களில் தெளித்த ஃபெனாக்ஸிகார்ப் காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தது. அந்த இலையைத் தின்ற புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன, கூடு கட்டவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய நஞ்சு பட்டால் புழு அன்றே சுருண்டு விழும்; காரணம் கண்ணுக்குத் தெரியும். ஹார்மோன் மருந்து பட்ட புழு நன்றாகத் தின்னும், கொழுக்கும். கேடு தெரிவது இலைச் செலவெல்லாம் முடிந்த கடைசி நாளில்தான். அதற்குள் பழி முட்டை மீதோ வளர்ப்பு முறை மீதோ போய்விடும்.

ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் தக்காளி, அந்தப் பக்கம் மல்பெரி என்று இருக்கும் கெலமங்கலம் வட்டாரத்துக்கு இது வெறும் ஆய்வகச் செய்தி ஆகாது. பட்டு வளர்ச்சித் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து, பட்டுப்புழுவின் வளர்ச்சியைக் குலைக்கும் மருந்துகளின் பட்டியலைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சிட்டு ஒவ்வொரு மருந்துக்கடையிலும் ஒட்ட வேண்டும். மருந்து அடிக்கும் விவசாயி முந்தின நாளே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பட்டு விவசாயி, புழு கூடு கட்டாமல் நின்றால் குப்பையில் கொட்டிவிடாமல், இலையையும் புழுவையும் எடுத்துக்கொண்டு பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்குப் போய்ச் சோதனை கேட்க வேண்டும்.