பெயரும் பணியும்: திறந்த மூல மென்பொருளில் எமது அடையாளம்

ஒரு மென்பொருளின் நிரலை யாவரும் பார்க்கவும், திருத்தவும், பகிரவும் இடமளித்தால் அதனைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். இது எமது மாவட்டத்துக்குத் தொலைவான விடயமன்று. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி கிண்ணியா, மூதூர் உட்பட எமது கரையோரத்தைத் தாக்கியபின், இலங்கைக் கணினித் துறையினர் பலர் தன்னார்வமாக ஒன்றுகூடி 'சஹன' என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவிக் கோரிக்கைகள் பற்றிய விபரங்களைப் பதிய அது உதவியது. 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போது அங்கும் பயன்பட்டது.

பாதிக்கப்பட்டோரின் விபரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கும். ஆனால், இத்தகைய மென்பொருட்களுக்கு நிரல் எழுதித் தருவோரின் விபரங்கள் என்னாகின்றன?

இன்று பெரும்பாலான திறந்த மூலத் திட்டங்கள் 'கிட்' என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் அதனை உருவாக்கினார். நாம் ஒரு திருத்தத்தைச் சேர்க்கும்போது பெயர், மின்னஞ்சல் முகவரி, திகதி, நேரம் ஆகியன அதனோடு பதிவாகின்றன. ஒவ்வொரு பதிவின் உள்ளடக்கத்திலிருந்தும் ஓர் அடையாளக் குறி கணிக்கப்படுகிறது. அடுத்த பதிவு முந்தையதன் குறியைத் தன்னுள் வைத்திருக்கும். எனவே பழைய பதிவொன்றில் மின்னஞ்சலை மாற்றினால், அதற்குப் பின்வரும் குறிகள் அனைத்தும் மாறிவிடும். அப்படி மாற்றினாலும், ஏற்கெனவே பிறர் எடுத்துவைத்த பிரதிகளில் பழைய முகவரி அப்படியே இருக்கும்.

எமது பெயர்கள் இன்னொரு சிக்கலைத் தருகின்றன. பாத்திமா இல்லாத வகுப்பு எம்மிடையே உண்டா? அப்பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'எச்' சேர்த்து எழுதுவார், மற்றவர் சேர்க்கமாட்டார். வாப்பாவின் பெயரை ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் எழுதுவோம். இதனால் ஒரே மாணவி பங்களிப்பாளர் பட்டியலில் மூன்று பேராகத் தோன்றக்கூடும். இதனைச் சீர்செய்ய 'மெயில்மேப்' என்ற கோப்பு உண்டு. பல பெயர்களையும் முகவரிகளையும் ஒருவருக்குரியவை என அது இணைத்துக் காட்டும். ஆனால் அக்கோப்பும் எல்லோருக்கும் தெரியும்படியே இருக்கிறது. ஆகவே உரியவரின் சம்மதமின்றி அதில் எதையும் சேர்ப்பது முறையன்று.

"பெயரே போடாதே" என்று பெற்றோர் சொல்வது பாசத்தினால்தான். எனினும் பெயரில்லாத உழைப்பை நாளை பல்கலைக்கழகத்திலோ தொழிலிலோ எமது என்று காட்ட முடியாது. இதற்கு நடுவழி ஒன்றுண்டு. ஒரு புனைபெயரைத் தெரிவுசெய்து, எங்கும் அதனையே பயன்படுத்தலாம். 'கிட்ஹப்' தளம் சொந்த மின்னஞ்சலை மறைக்கும் மாற்று முகவரியைத் தருகிறது. உண்மைப் பெயரை வலியுறுத்திவந்த லினக்ஸ் திட்டமும், 2023 இல் விதியைத் திருத்தி, அறியப்பட்ட ஓர் அடையாளம் போதும் என்றது. பெயரேயில்லாத பங்களிப்பை மட்டும் அது ஏற்பதில்லை.

திட்டத்தை நடத்துவோருக்கும் கடமையுண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறும் கோட்பாடு எளிமையானது: சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவே தகவல் சேகரிக்க வேண்டும். நிரல் திருத்த வரும் மாணவியிடம் அடையாள அட்டை இலக்கமோ, வீட்டு முகவரியோ, பாடசாலையின் பெயரோ கேட்க என்ன தேவை? எவை பகிரங்கமாகும், எவற்றை அழிக்க முடியாது என்பதை அவள் சேரும் முன்னரே சொல்லிவிட வேண்டும். பிறர் நம்பித் தந்த தகவல் ஓர் அமானிதம் அல்லவா?

எனவே தோழிகளே, முதல் வரியை அனுப்புமுன் 'கிட்' அமைப்பில் உள்ள பெயரையும் மின்னஞ்சலையும் ஒருமுறை பாருங்கள். பெற்றோரே, உங்கள் மகளைத் தடுக்குமுன் அவளோடு அமர்ந்து அந்த இரண்டையும் தெரிவுசெய்யுங்கள். அவளது உழைப்பு அவளது பெயரில் நிலைக்கட்டும். அந்தப் பெயர் எதுவென்பதை அவளே தீர்மானிக்கட்டும்.