தவளைச் சத்தம் குறைந்த குளம்

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடைக் கிராமங்களில், குளத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தே ‘உவர்த்துப் போச்சு’ என்று சொல்லிவிடுவார்கள். நாக்குக்குத் தெரிவதற்கு முன்பே, தலைப்பிரட்டைக்கும் மீன் குஞ்சுக்கும் அது தெரிந்துவிடுகிறது.

நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, குளத்து நீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றும். இழந்த உப்பைச் செவுள் வழியாக இழுத்துக்கொள்ளும். வெளியே உப்பு ஏறினால் இந்தக் கணக்கு குலைகிறது. வளர்ந்த கெண்டை ஓரளவு தாங்கும். முட்டையும் குஞ்சும் தாங்காது.

இவற்றைவிட நொய்ந்தது, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் டாப்னியா என்ற நீர்த்தெள்ளு. மீன் குஞ்சுக்கு இது நல்ல தீனி. பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைப்பதும் இதுவே. அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், ஸ்பெயின் நாடுகளில் ஒரே முறையில் நடந்த ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. அரசுகள் பாதுகாப்பானது என்று வகுத்த உப்பு அளவுக்குள்ளேயே, பெரும்பாலான இடங்களில் இத்தகைய நுண்ணுயிர்களில் ஏதாவது ஒரு வகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. பல இடங்களில் பாசி பெருகியது. அமெரிக்காவின் அளவு லிட்டருக்கு 230 மில்லி கிராம் குளோரைடு. நம் நாட்டில் குடிநீருக்கே 250 வரை ஏற்கிறார்கள். நெல்லோ, பாசன நீரில் லிட்டருக்கு 1,300 மில்லி கிராம் அளவுக்குக் கரைந்த உப்பு இருந்தாலும் பெரிதாக வாடாது. ஆக, வயல் பச்சையாக இருக்கும்போதே குளம் கெட்டுப்போயிருக்கலாம்.

2004 சுனாமியில் குளங்களுக்குள் புகுந்த கடல் நீர் ஒரே நாளில் வந்தது. இறைத்தும், மழையில் கழுவியும் வெளியேற்ற வழி இருந்தது. இப்போது வருவது சத்தமில்லாத உப்பு. ஆற்றில் நீர் குறைந்தால் கடல் நீர் மேலேறுகிறது. ஆழ்துளைக் கிணறு அதிகம் இறைத்தால் நிலத்தடியிலும் அதே கதை. பக்கத்து இறால் குட்டையின் கசிவும் சேர்ந்துகொள்கிறது.

ஜிலேபிக் கெண்டை துள்ளுவதைப் பார்த்து, குளம் நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். அது உப்பிலும் பிழைக்கும். தவளைச் சத்தம் குறைவது, நத்தைக் கூடுகள் வெறுமனே ஒதுங்குவது, தண்ணீர் திடீரென்று பச்சையாவது ஆகியவற்றைக் கவனியுங்கள். பச்சைக்கு உரக் கழிவும் காரணமாகலாம் என்பதால், சித்திரை, வைகாசியில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. உப்பு நீர் கனமானது, அடியில் தங்கும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்தால் அளவு குறைத்துக் காட்டும். ஒரு பாட்டில் அடியிலிருந்தும் எடுங்கள்.

ஜிப்சம் கொட்டினால் சரியாகும் என்று சிலர் செலவு செய்கிறார்கள். ஜிப்சம் களர் மண்ணுக்கானது. குளத்து உப்பைக் குறைக்காது. மழைக்கு முன் அடித்தண்ணீரை இறைத்து வடிகாலில் விட்டு, அடுத்தவர் வயலில் அல்ல, புது மழை நீரைப் பிடிப்பதே வழி. மீன் குஞ்சு விடுமுன் பத்துக் குஞ்சுகளை வலைப்பெட்டியில் போட்டு ஒரு நாள் பாருங்கள். அவை செத்தால், மீதிக் குஞ்சுகளுக்கான பணமாவது மிஞ்சும்.