ஒப்புதல் கடிதம் என்னும் முதல் வாயில்

அறிவியல், பொறியியலில் முனைவர் பட்ட மேலாய்வுக்கான தேசிய உதவித்தொகையை அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வழங்குகிறது. காலம் 2 ஆண்டுகள். வயது வரம்பு 35. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பட்டத்துக்குக் காத்திருப்போரும் விண்ணப்பிக்கலாம்.

ஆயினும் வழிகாட்டியாக ஏற்கும் அறிவியலாளரின் ஒப்புதலும் அவரது நிறுவனத்தின் இசைவும் இன்றி விண்ணப்பிக்க இயலாது. அறிமுகமோ பரிந்துரையோ வாய்க்காத முதல் தலைமுறை ஆய்வாளர், மதிப்பீட்டுக் குழுவை எட்டுமுன்னரே இவ்வாயிலில் நின்றுவிட நேர்கிறது. வயதுத் தளர்வு இத்தடையை நீக்குவதில்லை.

ஆகவே அறிவிப்பு வெளிவரும்வரை காத்திராமல், நம் துறையில் அண்மையில் கட்டுரை வெளியிட்ட பேராசிரியர்கள் பலருக்கு ஒரு பக்க ஆய்வுத் திட்டத்துடன் முன்கூட்டியே எழுதுவோம். ஆய்வு நிறுவனங்களில் ஏற்கெனவே பணிபுரியும் நம்மவர், ஆண்டுக்கு ஓர் இளைய ஆய்வாளரையேனும் அறிமுகப்படுத்துவது அவர்தம் கடமை.