கூடைப்பந்து ஷூ: வடிவமைப்பின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

காலணி பற்றிய பேச்சு நம் சூழலில் பெரும்பாலும் தோலோடும் சாதியோடும் நின்றுவிடுகிறது. கான்வாஸ் ஷூவை யாரும் பொருட்படுத்துவதில்லை. 'அதுல என்ன இருக்கு, துணியும் ரப்பரும்தானே' என்பார்கள். அந்தத் துணிக்கும் ரப்பருக்கும் ஓர் அரசியல் உண்டு என்றே எனக்குப் படுகிறது.

ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் உடையாது என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். கான்வாஸ் ஷூவின் செய்முறை இதிலிருந்து வந்ததுதான். துணியைக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்துப் பொருத்தி, அடியில் ரப்பரை ஒட்டி, சுற்றிலும் ரப்பர் பட்டை கட்டி, அப்படியே சூட்டில் வேகவைக்கிறார்கள். 1891இல் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். மரத்தளத்தில் வழுக்காமல் ஓடவும் சட்டென்று நிற்கவும் காலுக்குப் பிடிப்பு வேண்டியிருந்தது. 1917இல் கான்வெர்ஸ் நிறுவனம் கணுக்காலை மூடும் 'ஆல் ஸ்டார்' ஷூவைக் கொண்டுவந்தது. அதன் கணுக்கால் வட்டத்தில் பின்னாளில் ஏறிய பெயர் சக் டெய்லர். அவர் ஆட்டக்காரர், அந்தக் கம்பெனியின் விற்பனையாளரும்கூட.

ஒய்.எம்.சி.ஏ. இங்கேயும் வந்தது. 1920இல் ஹாரி பக் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். 1936இல் இந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சி வகுப்புக்காகவே வெள்ளைக் கான்வாஸ் ஷூவை வடிவமைத்ததாக பாட்டா நிறுவனம் சொல்கிறது. வரிசை, விசில், வெள்ளை ஷூ: ஃபூக்கோ பேசிய ஒழுங்குபடுத்தப்பட்ட உடல் இதுதான். அழுக்கை மறைக்க ராத்திரி சாக்பீஸைக் குழைத்துப் பூசிய கைகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எத்தனையோ.

மேற்கில் இந்த ஷூ துணியிலிருந்து தோலுக்குப் போனது. 1969இல் அடிடாஸ் 'சூப்பர்ஸ்டார்', 1985இல் பீட்டர் மூர் வடிவமைத்த 'ஏர் ஜோர்டன்' இரண்டும் தோல்தான். அங்கே தோல் என்பது தரம். இங்கே அதன் மேல் தீட்டு சுமத்தப்பட்டிருக்கிறது. செருப்பு தைக்கும் கை எந்தத் தெருவுடையது என்று ஊருக்கே தெரியும். கான்வாஸ் ஷூ தைத்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அதனாலேயே அது 'சுத்தமான' பொருளாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய முடிந்தது என்பது என் வாசிப்பு. அது சாதியைக் கடந்துவிடவில்லை, செய்தவரை மறைத்துக்கொண்டது, அவ்வளவே.

ஜோர்டன் அணிந்த சிவப்பு-கறுப்பு ஷூவை என்.பி.ஏ. சீருடை விதிகளைக் காட்டி மறுத்தபோது, நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கி 65 டாலருக்கு விற்றது. ஒரு கறுப்பின இளைஞனின் மீறல் சந்தைச் சரக்கானது. 2001இல் கான்வெர்ஸ் அமெரிக்கத் தொழிற்சாலைகளை மூடி உற்பத்தியை ஆசியாவுக்கு மாற்றியது. 2003இல் நைக்கி அதையும் வாங்கிக்கொண்டது.

ஆசியா என்றால் ஏதோ தூர தேசமல்ல. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் செய்யாறு. அங்குள்ள சிப்காட் வளாகத்தில், தைவானின் ஃபெங் டே குழுமத்தைச் சேர்ந்த லோட்டஸ் ஃபுட்வேர் நைக்கிக்கு ஷூ தைக்கிறது. தைப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள். ஷூவின் மேல் விளையாடியவன் பெயர் இருக்கிறது, வடிவமைத்தவன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொது இடத்தில் தலித்துகள் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியது 2015ஆம் ஆண்டுத் திருத்தம்தான். அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். ஏர் ஜோர்டன் வெளிவந்து முப்பது வருஷம் கழித்தும் நம் ஊர்த் தெருவில் கால் மூடி நடப்பதற்குச் சட்டப் பிரிவு தேவைப்பட்டிருக்கிறது. ஷூவின் வடிவமைப்பு வரலாற்றைத் தமிழில் எழுத வருகிறவர்கள் குட்இயரோடும் பீட்டர் மூரோடும் நிறுத்திவிடக் கூடாது. செய்யாற்றுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸையும் இந்தச் சட்டப் பிரிவையும் அந்த வரலாற்றுக்குள் கொண்டுவர வேண்டும்.