கல்லை எடுத்த பிறகும் ஏன் காத்திருக்கிறோம்?

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,



"குழாய் விட்டுக் கல்லை எடுத்தாகிவிட்டது என்றார்களே ஐயா, பிறகு ஏன் ஆபரேஷன்?" வார்டில் ஜெபிக்கச் செல்லும்போது உறவினர்கள் இப்படிக் கேட்பதுண்டு. உங்கள் காணிக்கை இந்த இரண்டாம் சிகிச்சைக்கும் செலவாவதால், அதன் காரணத்தை நீங்களும் அறிவது நல்லது.

பித்தக்கல் பெரும்பாலும் பித்தப்பையிலேயே தங்கிவிடும். அபூர்வமாக, முக்கியமாக முதியவர்களுக்கு, பெரிய கல் ஒன்று பித்தப்பைச் சுவரை அரித்துத் துளையிட்டுக் குடலுக்குள் விழுந்துவிடுகிறது. பொதுவாக 2.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லே குடலை அடைக்கும். அநேகருக்கு அது சிறுகுடலின் குறுகலான கடைசிப் பகுதியில் சிக்கும். சிலருக்கோ இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலிலேயே நின்றுவிடும். 1896-இல் இதை விவரித்த பிரான்சு நாட்டு மருத்துவர் பூவரேயின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது.

அந்த இடம் எண்டோஸ்கோப்புக்கு எட்டும். இருதய நோயும் சர்க்கரை நோயும் உள்ள முதியவருக்கு வயிற்றைத் திறப்பது ஆபத்தானதால், மருத்துவர்கள் முதலில் வாய்வழியே முயல்கிறார்கள். ஆனால் இதிலும் இடர்கள் உண்டு.

இரைப்பையில் தேங்கியிருப்பது நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால் முதலில் மூக்குவழிக் குழாயால் அதை வெளியேற்றுகிறார்கள். கல்லை முழுதாக இழுத்தால், அது உணவுக்குழாயில் சிக்கிக் காயப்படுத்தலாம். அதிர்வலையாலோ லேசர் கதிராலோ உடைக்கும்போது, குறி தவறினால் குடற்சுவரில் இரத்தக்கசிவோ ஓட்டையோ ஏற்படலாம். நன்றாக உடைந்தாலும், பெரிய துண்டு ஒன்று கீழே நகர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடைத்துவிடலாம். அப்போது அறுவைச் சிகிச்சை அவசியமாகிறது. பித்தப்பையில் வேறு கல் இருந்தால், அதே துளை வழியாக அதுவும் பின்னால் வரக்கூடும்.

ஆகவேதான் கல்லை எடுத்த பிறகும் நோயாளியை வார்டில் வைத்துக் கவனிக்கிறோம். மீண்டும் வாந்தி, வயிற்று உப்பிசம், காற்றுப் பிரியாமை இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே படம் எடுக்க வேண்டும். செலவுக்குப் பயந்து, வாந்தி நின்றதுமே வீடு திரும்பத் துடிக்கும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. அந்தச் சில நாட்களே உயிரைக் காக்கும் நாட்கள். "செலவைப் பற்றிக் கவலைப்படாமல் இருங்கள்" என்று அவர்களிடம் சொல்ல எங்களுக்குத் துணிவு தருவது உங்கள் காணிக்கையே.

இரண்டாம் சிகிச்சை தேவைப்பட்டதால் முதலாவது வீண் என்று எண்ண வேண்டாம். எங்கள் மருத்துவர்களின் கைகளுக்காகவும், இரவில் விழித்திருக்கும் செவிலியருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்