ஒரு எழுத்து பக், ஒரு துத்தநாக அணு



போன எபிசோடில் ஆல்ஃபாஃபோல்டு பற்றிப் பேசும்போது நேரம் இல்லாமல் ஒரு விஷயத்தை விட்டுட்டோம். ஆல்ஃபாஃபோல்டு 2 கணிக்கிற புரத வடிவங்களில் உலோகமே இருக்காது. துத்தநாகம், அதாங்க நம்ம சிங்க், உட்கார வேண்டிய இடம் பெரும்பாலும் சரியா வந்துடும். ஆனா அந்த இடம் காலியா இருக்கும். 2024-ல் வந்த ஆல்ஃபாஃபோல்டு 3-தான் உலோக அயனிகளையும் சேர்த்துக் கணிக்குது.

ஒரு அணு இல்லாட்டி என்ன பெருசா ஆயிடப் போகுது? பி53 என்கிற புரதத்தைப் பார்த்தா தெரியும்.

1979-ல் கண்டுபிடிக்கப்பட்ட பி53, செல்லுக்கு ஒரு காவல்காரன் மாதிரி. டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும். சேதம் அதிகம்னா செல்லையே ஷட்டவுன் பண்ணிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதற்கான மரபணு பழுதாகி இருக்கிறது.

பி53-ல் 393 அமினோ அமிலங்கள். டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியில் ஒரே ஒரு துத்தநாக அயனி. மூன்று சிஸ்டீனும் ஒரு ஹிஸ்டிடினும் சேர்ந்து அதைப் பிடித்திருக்கின்றன. 175-வது இடத்துக்கான குறியீடு 'சிஜிசி'. அது 'சிஏசி' ஆனால், அதாவது ஒரே ஒரு எழுத்து மாறினால், அங்கே அர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து உட்காரும். துத்தநாகத்தைப் பிடிக்கும் சிஸ்டீன் ஒன்று பக்கத்திலேயே, 176-ல் இருக்கு. பிடி தளரும், புரதத்தின் மடிப்பு குலையும், காவல்காரன் டூட்டியில் இல்லை. புற்றுநோய்களில் பி53-க்கு அடிக்கடி வரும் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

'அப்போ சிங்க் மாத்திரை போட்டா சரியாயிடுமா?'

என் மாமாவுக்குக் கீமோ நடந்தப்போ பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் ஆளுக்கொரு சிங்க் டப்பாவோடு வந்தார்கள். அன்பாத்தான் கொண்டு வந்தாங்க. ஆனா செல்லுக்குள் துத்தநாகம் அப்படி வேலை செய்றதில்லை.

செல்லில் துத்தநாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே ஏதாவது ஒரு புரதத்தின் பிடியில் இருக்கும், சும்மா திரிவது மிக மிகக் குறைவு. இந்த மெமரி மேனேஜ்மெண்ட் வேலையில் முக்கியமான ஆள் மெட்டலோதியோனின். 1957-ல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடித்த சின்னப் புரதம். அறுபத்துச் சொச்சம் அமினோ அமிலங்களில் 20 சிஸ்டீன், 7 துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். துத்தநாகம் கூடினால் செல் இதை இன்னும் அதிகமாகத் தயாரிக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் இதையே ஒரு வசதியாக்கினார்கள். இசட்எம்சி1 என்ற மூலக்கூறு துத்தநாகத்தைச் செல்லுக்குள் தூக்கிக்கொண்டு போகும். 175-ல் பழுதான பி53 அதைப் பிடித்துத் திரும்ப மடியும். சில மணி நேரத்தில் மெட்டலோதியோனின் பெருகி, மிச்சத் துத்தநாகத்தை அள்ளிவிடும். ஆன், ஆஃப் இரண்டும் ரெடி. எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. ஆனா இது கடையில் வாங்குற மருந்து இல்லை, ஆய்வில் இருக்கும் மூலக்கூறு.

மெட்டலோதியோனினுக்கு இன்னொரு முகமும் உண்டு. கீமோவில் தரும் சிஸ்பிளாட்டின் மருந்திலும் ஒரு உலோகம் இருக்கு, பிளாட்டினம். சிஸ்டீனில் உள்ள கந்தகம் அதையும் பிடித்துக்கொள்ளும். மெட்டலோதியோனின் அதிகமுள்ள புற்றுச்செல்கள் சிஸ்பிளாட்டினுக்குத் தாக்குப்பிடிப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். காப்பாற்றும் அதே புரதம் புற்றுச்செல்லையும் காப்பாற்றும்.

மாத்திரைக்கு வருவோம். பெரியவர்களுக்கு அமெரிக்காவில் சொல்லும் உச்சவரம்பு நாளுக்கு 40 மில்லிகிராம். அதற்கு மேல் நீண்ட நாள் எடுத்தால் தாமிரக் குறைபாடு வரலாம். குடல் செல்களில் பெருகும் மெட்டலோதியோனின் தாமிரத்தையும் பிடித்துவைப்பதுதான் காரணம். 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் எடுத்த ஆண்களிடம் முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. மாத்திரைதான் காரணம்னு அது நிரூபிக்கலை. ஆனா 'சும்மா போட்டு வைப்போம்' என்கிற பேச்சை நிறுத்த அது போதும்.

நான் டாக்டர் இல்லை, கான்ட்ராக்டில் கோட் எழுதுறவன். அதனால் சொல்வது ஒன்றுதான். உண்மையிலேயே துத்தநாகக் குறைபாடு இருந்தால் டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துக் கொடுப்பார். வீட்டில் யாருக்காவது கீமோ நடந்தா, டப்பாவைத் தூக்கி எறிஞ்சு பெரியவங்க மனசை நோகடிக்க வேண்டாம். லேபிளை போட்டோ எடுத்து, எத்தனை மில்லிகிராம்னு புற்றுநோய் டாக்டரிடமோ பார்மசிஸ்டிடமோ காட்டுங்க. அப்பா அம்மாவுக்கு அந்த ஊர் மொழியில் தயக்கம்னா, கூடப் போய் நீங்களே கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.