வெள்ளம் வருமுன் கட்டுக்கயிற்றைக் கவனியுங்கள்
கால்நடைகளைக் காப்பாற்றும் முறைகள்

சின்ன காஞ்சிபுரத்தில் தறி ஓடும் வீடுகளிலும், அதைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளின் வீடுகளிலும் ஒன்றிரண்டு கறவை மாடுகளும் நாலைந்து ஆடுகளும் இருப்பது வழக்கம். நெசவுக் கூலி தாமதமாகும் வாரத்தில் வீட்டுச் செலவைத் தாங்குவது பால் பணம்தான். பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தால் கைகொடுப்பது ஆடு. இத்தகைய கால்நடைச் செல்வம் ஒரே இரவில் வெள்ளத்தில் போய்விட்டால், அந்தக் குடும்பம் மீண்டும் நிமிர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

இவ்வூருக்கு வேகவதியும் பாலாறும் அருகில் உள்ளன. தாமல் பக்கமிருந்து வரும் வேகவதி ஊரைத் தொட்டுக்கொண்டு சென்று, திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. ஆண்டில் பல மாதங்கள் இரண்டு ஆறுகளிலும் தண்ணீர் இருப்பதில்லை. செவிலிமேடு, ஓரிக்கை பக்கங்களில் பாலாறு வெறும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். ஆற்றில் தண்ணீர் வராது என்ற நினைப்பில் கரையோரப் புல்லில் முளை அடித்து மாடுகளைக் கட்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வறண்ட ஆறு பொங்கும்போது முன்னறிவிப்பின்றிப் பொங்குவதுபோலத் தோன்றும். உள்ளூரில் மழை இல்லாவிட்டாலும் மேற்கே பெய்த மழை ஆற்றில் வந்து சேரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டி வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அதற்கு முன், 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரைக் கிராமங்களில் புகுந்தது. பெரிய வெள்ளம் ஊர் தூங்கும் நேரத்திலும் வரும் என்பதை விவசாயிகள் மனதில் கொள்ள வேண்டும்.

மாடு ஏன் மூழ்குகிறது?

பசுவும் எருமையும் குதிரையும் பிறவியிலேயே நீந்தத் தெரிந்தவை. மாட்டின் பெருவயிற்றில் எப்போதும் வாயு தங்கியிருப்பதால் அதன் உடல் எளிதில் மிதக்கும். அப்படியிருந்தும் கட்டுத்தறியிலேயே மாடுகள் இறந்து கிடப்பதற்குக் காரணம் கயிறுதான். தண்ணீர் ஏற ஏற மாடு தலையை உயர்த்துகிறது. முளையில் கட்டிய கயிறோ நீளாது. ஒரு கட்டத்தில் மூக்கு நீருக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மூக்கணாங்கயிற்றிலேயே கட்டப்பட்ட மாட்டின் நிலை இன்னும் மோசம். வலி தாங்காமல் அது முரண்டு பண்ணவும் முடியாது.

எனவே முதல் பாடம் இதுதான். வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தால், எதையும் எடுப்பதற்கு முன் எல்லாக் கால்நடைகளையும் அவிழ்த்து விட வேண்டும். பட்டியின் படலைத் திறந்து, அது மறுபடி மூடிக்கொள்ளாதபடி கட்டி வைக்க வேண்டும். அவிழ்த்து விட்ட மாடு தானே மேட்டைத் தேடிக்கொள்ளும். காணாமல் போனாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

மழைக்காலம் முழுவதும் மாட்டைக் கழுத்துக்கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சுப் போட்டுக் கட்டுவது நல்லது. நனைந்த கயிற்றின் முடிச்சு இறுகிவிடும். இருட்டில் அதை விரலால் அவிழ்க்க இயலாது. ஆகவே கொட்டகையின் தூணில் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் அரிவாளைச் செருகி வைக்க வேண்டும். இரும்புச் சங்கிலியை மழைக்காலத்தில் அறவே தவிர்க்க வேண்டும்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

புரட்டாசி பிறந்ததும் ஆயத்தங்களைத் தொடங்கிவிட வேண்டும். ஊரில் எந்த இடம் இதுவரை முழுகியதில்லை என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு அறிந்து, அங்கே மாடுகளை ஓட்டிச் செல்லும் வழியை ஒருமுறை பகலிலேயே நடத்திப் பார்க்க வேண்டும். பழகிய வழியில் மாடு தயங்காமல் நடக்கும்.

நன்கு வளர்ந்த ஒரு மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு 5 முதல் 6 கிலோ வைக்கோல் தேவை. மூன்று நாள் தீவனத்தையாவது பிளாஸ்டிக் தாளில் சுற்றி மேட்டிலோ பரணிலோ வைத்துக்கொள்ள வேண்டும். வைக்கோல் போரைத் தரையில் போடாமல், கல் அடுக்கி உயர்த்திய மேடையில் போடுவது நல்லது. யூரியா மூட்டை, பூச்சிமருந்து, மருந்து தடவிய விதை ஆகியவற்றைத் தீவனத்தின் அருகில் வைக்கவே கூடாது. யூரியா கரைந்த நீரைக் குடித்த மாடு சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும்.

தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கும், ஆடுகளில் துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசியை மழைக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிட வேண்டும். ஊசி போட்டவுடன் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. அதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து, மாட்டின் புகைப்படத்துடன் குடும்ப அட்டை உள்ள உறையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரில் ஓட்டிச் செல்லும் முறை

மனித உயிரே முதன்மையானது. முழங்கால் அளவு நீரே வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளிவிடும். அத்தகைய நீரில் மாட்டைக் காப்பாற்ற இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறையினர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அறுந்து விழுந்த மின்கம்பியும், நீருக்குள் மறைந்த முள்வேலியும் கண்ணுக்குத் தெரியாத எதிரிகள்.

நீர் மெதுவாக உயரும்போது ஓட்டிச் செல்வதானால், மூத்த, சாதுவான பசுவை முன்னே நடத்த வேண்டும். மற்றவை அதைப் பின்தொடரும். கன்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் சென்றால் தாய் தானே வரும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு இழுத்தால் ஆளும் சேர்ந்து போக நேரிடும். நீந்தும் மாட்டைத் தலைக்கயிற்றைப் பிடித்து இழுத்தால் அதன் மூக்கு நீரில் அமிழும். கயிற்றைத் தளர விட்டுத் திசை மட்டும் காட்ட வேண்டும்.

ஆடுகள் மந்தையாகவே ஓடும். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றவையும் விழும். வேலி ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறியும் இறக்கும். நம் பகுதியின் சென்னைச் சிவப்புச் செம்மறிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஓட்டுவது பாதுகாப்பானது. குட்டிகளைக் கூடையிலோ மாட்டு வண்டியிலோ ஏற்றி முதலில் அனுப்பிவிட வேண்டும்.

கேட்பாரற்ற குதிரையும் கழுதையும்

தமிழ்நாட்டின் கோயில் நகரங்களில் ஒரு காலத்தில் ஜட்கா வண்டிகள் நிறைய ஓடின. வண்டித் தொழில் நலிந்தபின், வயதான குதிரைகள் சாலையோரத்திலும் ஆற்றங்கரையிலும் முன்னங்கால்கள் பிணைக்கப்பட்ட நிலையில் கேட்பாரற்று மேய்வதை ஆங்காங்கே காணலாம். பொதி சுமந்த கழுதைகளின் கதியும் அதுவே. கால் பிணைத்த குதிரையால் நீந்த முடியாது. மழை எச்சரிக்கை வந்தவுடன் அந்தப் பிணையலை அறுத்துவிடுவதே அதற்குச் செய்யும் பேருதவி.

குதிரையைப் பின்புறமாக அணுகக் கூடாது. மெதுவாகப் பேசிக்கொண்டே இடப்பக்கத் தோளருகே சென்று தலைக்கயிறு போட வேண்டும். மிரண்டால் கண்களைத் துணியால் மறைத்து நடத்தலாம். ஆனால் நீந்த வேண்டிய இடத்தில் துணியை எடுத்துவிட வேண்டும். பயந்த குதிரை பழகிய லாயத்துக்கே திரும்பி ஓடும் இயல்புடையது. எனவே அதை வெளியே கொண்டுவந்ததும் லாயத்தின் கதவைச் சாத்திவிட வேண்டும். கழுதை தண்ணீரில் கால் வைக்கத் தயங்கும். அதை அடித்துப் பயனில்லை. பழகிய இன்னொரு கழுதையை முன்னே விட்டால் தொடரும். குதிரைகளுக்கு ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய் எளிதில் வரும். வெள்ளத்தில் சிறு கீறல் பட்டிருந்தாலும் அதற்குரிய ஊசியைப் போட வேண்டும்.

வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் ஒருபுறம் இருக்க, உழைத்த பிராணியைக் கடைசிக் காலத்தில் காப்பது நம் கடமையும் ஆகும்.

மீட்ட பிறகு முதல் நாள்

நீரிலிருந்து வந்த மாடு களைத்தும் குளிரில் நடுங்கியும் இருக்கும். சாக்காலோ வைக்கோலாலோ உடலை அழுத்தித் தேய்த்து உலர்த்தி, காற்று படாத இடத்தில் கட்ட வேண்டும். எழ முடியாமல் படுத்திருந்தால் பக்கவாட்டில் சாய விடாமல், இருபுறமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுத்து நெஞ்சின்மேல் உட்கார வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான வெல்ல நீரைத் தானே குடித்தால் கொடுக்கலாம். மூங்கில் கொட்டத்தில் ஊற்றி வாயில் புகட்டவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்தால் வெள்ளத்தில் பிழைத்த மாடு மருந்தால் சாகும்.

பசித்த மாட்டின்மேல் இரக்கப்பட்டு, நிவாரண முகாமில் மீந்த சோற்றையும் சாம்பாரையும் வாளி வாளியாக வைப்பவர்கள் உண்டு. இது பெரும் தவறு. அளவுக்கு மீறிய சோறு பெருவயிற்றில் புளித்து அமிலமாகி, மாடு ஓரிரு நாளில் இறக்க நேரிடும். முதலில் உலர்ந்த வைக்கோலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, இரண்டு நாள் கழித்தே தவிடும் புண்ணாக்கும் தர வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலை, குறிப்பாகக் குதிரைக்கு, கொடுக்கக் கூடாது.

சேற்றில் நின்ற கால்நடைகளுக்குக் குளம்பழுகலும் மடிநோயும் வரும். குளம்புகளைக் கழுவி உலர்த்தி, மயில்துத்தக் கரைசலில் நனைக்கலாம். தேங்கிய நீரில் மேய்ந்தவற்றுக்குத் தட்டைப்புழுத் தொல்லை வரும். மருத்துவர் ஆலோசனைப்படி குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் பரவுவதால், காலில் புண் உள்ளவர்கள் கொட்டகைச் சேற்றில் வெறுங்காலுடன் இறங்கக் கூடாது.

இறந்துவிட்டால்

இறந்த கால்நடையை ஆற்றில் தள்ளுவது நோயை அடுத்த ஊருக்கு அனுப்புவதாகும். காது வில்லை தெரியும்படி புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் தெரிவித்து, சான்று பெற்ற பின்னரே புதைக்க வேண்டும். குழி ஆறடி ஆழம் இருக்க வேண்டும். கிணற்றுக்கும் ஏரிக்கும் தொலைவில் தோண்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்த உடலைக் கீறவோ தோலை உரிக்கவோ கூடாது.

2022 முதல் 2026 வரையிலான பேரிடர் நிவாரண விதிகளின்படி பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாயும், உழவு மாடு அல்லது குதிரைக்கு 32,000 ரூபாயும், கன்று அல்லது கழுதைக்கு 20,000 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டன. சான்று இல்லாமல் இத்தொகை கிடைக்காது. விதிகள் அவ்வப்போது மாறுவதால் நடப்புத் தொகையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணையும், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணையும் கொட்டகைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

நிவாரணம் எவ்வளவு கிடைத்தாலும், வேளைக்கு நாலு லிட்டர் கறந்த பசுவுக்கு அது ஈடாகாது. கயிற்றை மாற்றுவதற்கும் முடிச்சைப் பழகுவதற்கும் செலவு ஏதுமில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். அணை போடுவது அரசின் வேலை. முடிச்சைத் தளர்த்தி வைப்பது ஒவ்வொரு விவசாயியின் கையில் இருக்கிறது. இன்று மாலை மாட்டைக் கட்டும்போதே அதைத் தொடங்கலாம்.